வத்தை ஏறிப் போய் நிலம் பார்த்த கதை

தாசில்தார் பாய்மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு நின்றார். பிடித்துக்கொண்டு நின்றார் என்பதைவிட அடைக்கலம் புகுந்திருந்தார் என்பதே சரி. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், பளபளவென்று கறுப்பு ஷூ, கக்கத்தில் குடை. படகு இடப்பக்கம் சாய்ந்தால் அவர் வலப்பக்கம் சாய்ந்தார். அது நிமிர்ந்தால் இவர் கண்ணை மூடினார்.

"ஏம்ப்பா, இங்க ஆழம் எவ்வளவு இருக்கும்?"

பின்னால் சுக்கானைப் பிடித்திருந்த முருகையன் தண்ணீரைப் பார்த்தே சொன்னார். "முழங்காலுக்குக் கொஞ்சம் மேல இருக்குங்க."

தாசில்தார் பிடியைத் தளர்த்தினார். முகத்தில் ரத்தம் ஓடியது. முழங்கால் தண்ணீருக்கா இவ்வளவு நேரம் பயந்தோம் என்று எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"அதுக்குக் கீழ சேறு இடுப்பு மட்டும் இருக்குங்க" என்றார் முருகையன்.

தாசில்தார் மறுபடியும் மரத்தைக் கட்டிக்கொண்டார்.

போன வாரம் எங்கள் அலுவலகத் தட்டச்சு அறையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "முப்பது வருஷ வேலையில் நீங்கள் வெயிலையே பார்த்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறார். பார்த்தேன் அம்மா. ஒரே ஒரு நாள் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்தது இன்னொரு முப்பது வருஷத்துக்குப் போதும்.

வயிற்றுவலி

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இளநிலை உதவியாளர். வேலை நிரந்தரம் ஆகவில்லை. தாலுகா ஆபீஸில் பெண் என்று நான் ஒருத்திதான். என் ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். அம்மா அப்போதும் பிறத்தியார் வயலுக்கு நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் வேலைக்கு வந்த பிறகு "இனி போகாதே" என்று சொல்லிப் பார்த்தேன். "நீ பேனா புடிக்கிற, நான் நாத்து புடிக்கிறேன், இதுல ஒனக்கு என்ன?" என்று கேட்டுவிட்டாள்.

ஆட்சி மாறிய காலம். ஆபீஸில் எல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்று ஆகியிருந்தது. எங்கள் தாசில்தார் அதில் மற்றவர்களைவிட நாலு படி மேலே போனவர். தன்னை வட்டாட்சியர் என்றுதான் சொல்லிக்கொள்வார். மேடைப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு அடுக்குமொழி அவருக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. விடுப்பு விண்ணப்பத்தை மறுக்கும்போதுகூட, "வேலையோ மலை, விடுப்போ வலை, விழுந்தால் நிலை?" என்று எழுதுவார். விழுந்தால் என்ன நிலை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விடுப்பு இல்லை என்று தெரிந்துவிடும்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஊர் ஊராகக் கொடியும் கூட்டமும் தகராறுமாக இருந்த நேரம் அது. வரம்புக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்கள் மிச்சத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதை நிலம் இல்லாதவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுப்பார்கள். எங்கள் தாலுகாவின் கடலோர மூலையில் ஒரு பெரிய பண்ணை இருந்தது. அவர்கள் நிலத்தைப் பங்காளிகள் பேரில், மாப்பிள்ளைகள் பேரில், செத்துப்போன அத்தை பேரில் என்றெல்லாம் பிரித்து எழுதி, கடைசியில் பேர் கிடைக்காமல் நாற்பது ஏக்கர் மிஞ்சிவிட்டது. பெரிய மனசு பண்ணி அதை ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். சர்வே நம்பரும் கொடுத்தார்கள். பழைய பதிவேட்டில் அந்த இடத்துக்குப் பேர் 'நடுத்திட்டு'. புஞ்சை என்றும் இருந்தது.

அந்த நிலத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய இருபத்தெட்டுக் குடும்பங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர்களோ மனுப் போட்டார்கள். மனுவில் ஒரே வரிதான் இருந்தது. "ஐயா, நடுத்திட்டு கடலில் இருக்கிறது."

விசாரித்து எழுதச் சொல்லி கிராம அதிகாரிகள் இருவரை அடுத்தடுத்து அனுப்பினார்கள். ஒருவர் "கண்ணுக்கு எட்டியவரை நிலம்" என்று எழுதினார். இன்னொருவர் "கண்ணுக்கு எட்டியவரை நீர்" என்று எழுதினார். இரண்டு பேரும் யோக்கியர்கள். அதுதான் சிக்கல். மேலேயிருந்து உத்தரவு வந்தது: வட்டாட்சியரே நேரில் போய்ப் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும்.

கோப்பை எடுத்துக்கொண்டு கூடப் போக வேண்டியவர் தலைமை எழுத்தர். படகில் போக வேண்டும் என்று தெரிந்த அன்றே அவருக்கு வயிற்றுவலி வந்தது. அடுத்தவருக்குத் தலைசுற்றல். அதற்கடுத்தவருக்கு மாமனார் மண்டையைப் போட்டார். அவருக்கு ஏற்கெனவே இரண்டு முறை மாமனார் செத்திருந்தார். கடைசியில் நாற்காலி வரிசையில் நான்தான் பாக்கி.

தண்ணி இருந்தா தரை இல்ல

ஆனி மாதம். கோடியக்கரைக்கு மேற்கே, ஆறுகள் எல்லாம் ஒன்றாகக் கடலில் விழும் காயல் ஓரம் ஒரு படகுத்துறை. துறை என்றால் நாலு தென்னை மரத் துண்டும் ஒரு டீக்கடையும். அங்கே முருகையனின் வத்தை கட்டியிருந்தது. பலகையால் கட்டிய, அடி தட்டையான பாய்மரப் படகை அந்தப் பக்கத்தில் வத்தை என்பார்கள். முருகையனுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மீன் பிடிக்கிறவர். கேட்டால்தான் பேசுவார். கேட்டதற்கு மட்டும்தான் பேசுவார்.

எங்களுக்கு முன்பே இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

ஒருவர் பண்ணையின் காரியஸ்தர் கோவிந்தராஜு. ஐம்பது வயது, மடிப்புக் கலையாத வேட்டி. முந்தைய ஆட்சியில் கதர் போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது ஆட்சிக்குத் தகுந்த கரை போட்ட துண்டுக்கு மாறியிருந்தார்.

இன்னொருவர் அஞ்சம்மாள். அந்த இருபத்தெட்டுக் குடும்பங்களுக்காகப் பேச வந்தவர். விவசாயக் கூலிகள் சங்கத்தில் முன்னால் நிற்பவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆள் எப்படியோ என்று பயந்துகொண்டு போனேன். பார்த்தால் என் அம்மாவைப் போலவே இருந்தார். அதே கறுப்பு, அதே வெற்றிலைச் சிவப்பு. பக்கத்தில் ஒரு மண்பானையும் செம்பும், ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு மூட்டையும் வைத்திருந்தார்.

துறையிலேயே சண்டை ஆரம்பித்தது. என்ன சண்டை? எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று.

"பொறுமையா பத்தரை, பதினோரு மணிக்குக் கெளம்பலாமுங்க. ஐயா டிபன் சாப்பிடட்டும்" என்றார் காரியஸ்தர்.

"இப்பவே கெளம்பணும் ஐயா. ஆறு மணியிலேருந்து உக்காந்திருக்கேன்" என்றார் அஞ்சம்மாள்.

"ஏய், நீ ஏன் அவசரப்படுற? நெலம் எங்கயும் ஓடிடாது."

"அது ஓடிப் போயி ஓடிப் போயி வருதுங்கிறதுதானே காரியஸ்தரே மனு."

தாசில்தாருக்குப் புரியவில்லை. முருகையனைப் பார்த்தார். முருகையன் கேள்விக்காகக் காத்திருந்தார்.

"நீ சொல்லுப்பா. எப்பக் கெளம்பினா அந்த நிலத்தைப் பார்க்கலாம்?"

"பாக்க முடியாதுங்க."

"என்னது?"

"தண்ணி ஏத்தமா இருக்கையில வத்தை போவும். ஆனா தரை இருக்காது. தண்ணி வத்துனா தரை இருக்கும். ஆனா வத்தை போவாது. ஓடை வத்திப் போயிடும்."

தாசில்தார் கொஞ்ச நேரம் காயலைப் பார்த்தார். அவருடைய இருபது வருஷப் பணியில் இப்படி ஒரு சர்வே நம்பர் வந்ததில்லை.

"கடல் கொண்டதா, கழி கொண்டதா, காலம் கொண்டதா... கண்டறியக் களம் இறங்குவோம்!" என்றார். பிறகு சாதாரணத் தமிழில், "வத்துறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம், கெளம்பு" என்றார்.

முதல் நாளே காரியஸ்தர் முருகையனைப் பார்த்துப் பதினொன்றுக்குக் கிளம்பும்படி சொல்லியிருக்கிறார். அஞ்சம்மாளும் பார்த்து ஆறுக்குக் கிளம்பும்படி சொல்லியிருக்கிறார். முருகையன் இரண்டு பேரிடமும் "சரிங்க" என்றிருக்கிறார். நாங்கள் கிளம்பியது ஒன்பது மணி. அந்த வகையில் அவர் இருவருக்கும் துரோகம் செய்யவில்லை.

கொக்கு நிற்கிற இடம்

காயலில் ஓடை என்று ஒன்று தனியாகத் தெரியாது. எல்லாமே ஒரே தண்ணீர்தான். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, நடுவில் அகலமாக, கஞ்சி நிறத்தில் தண்ணீர். அதற்குள் ஆற்றுத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போன பள்ளம் ஒன்று பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. அந்தப் பள்ளத்திலேயே போனால் படகு போகும். இரண்டு முழம் தள்ளினால் தரை தட்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டதால் சொன்னார்.

"கொக்கு நிக்கிற எடம் ஆழமில்லிங்க. மடவை மீனு துள்ளுற எடம் ஆழம். நுரை ஒதுங்குற எடத்துல மேடு இருக்கும். வளைவுல குச்சி நட்டிருப்போம். குச்சிக்குக் கெழக்கால போவணும்."

"கொக்கு இல்லன்னா?"

"குச்சி இருக்குங்க."

"குச்சியும் இல்லன்னா?"

"மீன் புடிக்கப் போவ மாட்டோம்."

காற்று மேற்கிலிருந்து அடித்தது. பாய் உப்பிக்கொண்டு படகு நன்றாகவே ஓடியது. வளைவு வரும்போதெல்லாம் முருகையன் ஒரு காலால் சுக்கானை மிதித்துக்கொண்டு, பாய்க் கயிற்றைக் கொஞ்சம் விடுவார், கொஞ்சம் இழுப்பார். காற்று முகத்துக்கு நேராக வந்துவிட்டால் பாயைச் சுருட்டிவிட்டு மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார். ஒவ்வொரு முறை கழியைத் தூக்கும்போதும் அதில் சேறு எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். ஒட்டியிருந்த அளவு ஏறிக்கொண்டே வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை.

காரியஸ்தர் பலகையில் துண்டை விரித்து உட்கார்ந்து, நடுத்திட்டு மண்ணின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டல் மண்ணாம். தென்னை வைத்தால் மூன்றாவது வருஷம் காய்க்குமாம்.

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் அஞ்சம்மாள்.

"பத்திரத்துல இருக்கு."

குடை

பத்து மணிக்கு வெயில் ஏறியது. கடைசி வளைவு வந்தது. அந்த வளைவில் காற்று படகுக்குப் பின்னால் வந்துவிடும். பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சடாரென்று மாறும். முருகையன், "குனிஞ்சுக்குங்க, பாய் மாறுது!" என்று கத்தினார்.

நாங்கள் மூன்று பேரும் குனிந்தோம். தாசில்தார் அதே நொடியில் குடையை விரித்தார்.

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் பதற்றமும் சேர்ந்தே வருகின்றன. காற்று குடைக்குள் புகுந்தது. குடை தாசில்தாரை இழுத்தது. தாசில்தார் பாய்மரத்தை விட்டுவிட்டுக் குடையைப் பிடித்தார். பாய் மாறி வந்து குடையைத் தட்டியது. குடை முருகையனின் முகத்தை மூடியது. அவர் குடையை விலக்கிப் பார்த்தபோது, குச்சிக்குக் கிழக்கே போக வேண்டிய வத்தை மேற்கே போய்க்கொண்டிருந்தது. அடியில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி மெதுவாக ஏறி, படகு நின்றது.

"எல்லாரும் எறங்குங்க. தள்ளிப் பாக்கலாம்."

இறங்கினோம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. நல்லவேளை, அங்கே சேறு கணுக்கால் அளவுதான். கோப்பைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தள்ளினேன். காரியஸ்தர் வேட்டியைத் தொடைக்கு மேல் கட்டிக்கொண்டு தள்ளினார். தாசில்தார் தள்ளியபோது ஒரு ஷூ உள்ளே போனது. அதை எடுக்கக் குனிந்தபோது இன்னொன்றும் போனது. படகு அசையவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கியது.

முருகையன் கழியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இனிமே சாயங்காலம் ஏத்தத்துலதான்."

"சாயங்காலமா!" தாசில்தாரின் குரல் உடைந்தது. "அந்த நடுத்திட்டையாவது பார்த்திருக்கலாமே. அது இன்னும் எவ்வளவு தூரம்?"

"இதுதாங்க."

"எது?"

"அதுலதாங்க நிக்கிறீங்க."

தாசில்தார் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முழங்காலுக்குக் கீழே கஞ்சித் தண்ணீர். அதில் ஒரு மீன் குஞ்சுக் கூட்டம் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

அஞ்சம்மாள் சிரித்தார் பாருங்கள், அலையாத்திக் காட்டிலிருந்து கொக்குகள் கிளம்பிப் பறந்தன.

நேரம் போடாதீங்க

ஆனால் தண்ணீர் வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்ப்பதில்லை. பதினொன்றரைக்கெல்லாம் அது எங்களைச் சுற்றி முழுக்க வடிந்துவிட்டது. கரும்பழுப்பாக, மினுமினுவென்று, உண்மையாகவே ஒரு திட்டு வெளியே வந்தது. நாற்பது ஏக்கர் இருக்கும் போலத்தான் தெரிந்தது. நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்த்தன.

காரியஸ்தருக்கு உயிர் வந்தது. திட்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒரு கை மண்ணை அள்ளித் தாசில்தாரின் மூக்குக்கு நேராக நீட்டினார். "பாருங்க ஐயா, மோந்து பாருங்க! வண்டல்! நெலம் இருக்கா இல்லியா? இருக்குன்னு எழுதிடுங்க, முடிஞ்சுது."

தாசில்தார் பாவம், வத்தையின் நிழலில் கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். வெயிலில் அவருக்கு அடுக்குமொழிகூட வரவில்லை. "எழுதிக்கம்மா" என்று கையை மட்டும் ஆட்டினார்.

மகஜர் எழுத வேண்டும். கண்ணால் கண்டதை அந்த இடத்திலேயே எழுதி, கூட இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்குகிற தாள் அது. படகு விளிம்பில் அட்டையை வைத்து எழுத ஆரம்பித்தேன். 'பகல் பதினொன்று முப்பது மணிக்கு' என்று தொடங்கியதும் காரியஸ்தர் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேரம் எதுக்கும்மா? நெலம்னா எப்பவும் நெலம்தான். நேரம் போடாம எழுதுங்க."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"கீழ்வேளூர்ப் பக்கம்தானே நீங்க? ஒங்க அம்மா யாரு வயலுக்கு நடவுக்குப் போறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். அந்த வயக்காரங்களும் நம்ம பண்ணைக்கு ஒறவுதான். ஒங்க வேலையும் இன்னும் நெரந்தரம் ஆவலை போலிருக்கு."

மிரட்டல் என்பது கத்திச் சொல்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது போலச் சொன்னார். அம்மா குனிந்து நட்டுக்கொண்டிருப்பதும், வரப்பிலிருந்து யாரோ "நீ நாளைக்கு வராதே" என்பதும் கண்ணில் வந்தன. எங்களூரில் அதற்கு முந்தைய வருஷம் நாலு குடும்பங்களுக்கு அப்படித்தான் வேலை நின்றது.

சிலருக்குப் பயம் வந்தால் குரல் அடைக்கும். எனக்கு உயரும். இது பிறவிக் கோளாறு. அவருக்கு மட்டும் மெதுவாகப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது காயல் முழுக்கக் கேட்டது.

"ஐயா! மகஜர்ல நேரத்தைப் போட வேணாங்கிறாரு! போட்டா எங்க அம்மா வேலைக்குப் போவ முடியாதுங்கிறாரு!"

காரியஸ்தர் இரண்டடி பின்னால் போனார். தாசில்தார் கைக்குட்டையை எடுத்தார். எழுந்து உட்கார்ந்தார். ஷூ இல்லாத கால், சேறு படிந்த பேன்ட். அடுக்குமொழி எதுவும் இல்லாமல், அவர் சாதாரணமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நேரம் போடும்மா. மணிக்கு ஒரு தரம் பாரு, மணிக்கு ஒரு தரம் எழுது. படகு மிதக்கிற வரைக்கும் எழுது. கோவிந்தராஜு, நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

நாலு வரிசை

அஞ்சம்மாள் ஈரச் சாக்கை அவிழ்த்தார். உள்ளே நாற்று. குறுவை நாற்றங்காலில் அன்று விடிகாலையில் பறித்தது. முடி முடியாகக் கட்டி வைத்திருந்தார்.

"நெலம்னு சொல்றீங்க. நெலம்னா நடலாமுல்ல?"

"நடேன், யாரு வேணாங்கிறா" என்றார் காரியஸ்தர்.

"நான் நட்டா, வேணும்னே மேலோட்டமா நட்டுட்டேன்னு சொல்லுவீங்க. ஒங்க கையாலயே நடுங்க. தாசில்தார் ஐயா பாக்கட்டும்."

தாசில்தார், "நியாயம்தானே" என்றார்.

பண்ணையில் காரியஸ்தருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அத்தனை வருஷமும் வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு, "குனிஞ்சு நடுங்கடி, கதை பேசாதீங்க" என்று அதட்டியவர். வயலுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இப்போது வேறு வழியில்லை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு முடி நாற்றைக் கையில் வாங்கினார். கோழியைப் பிடிப்பது மாதிரி கழுத்தைப் பிடித்தார்.

அஞ்சம்மாள், கம்பி வளைந்திருந்த தாசில்தாரின் குடையை எடுத்து விரித்துக்கொண்டு காரியஸ்தர் பக்கத்தில் நின்றார்.

"இவ்வளவு கொத்தா வச்சா மூச்சு விடுமா? மூணு மூணா பிரிங்க."

"தெரியும்."

"ஆழமா குத்தாதீங்க. வேரு முங்குனா போதும்."

"தெரியும்ங்கிறேன்ல."

"முன்னால போவாதீங்க, பின்னால வாங்க. நட்டதையே மிதிக்கிறீங்க பாருங்க."

"..."

"இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. பொழுது போவுதுல்ல."

வத்தையில் இருந்த முருகையன் முதுகைத் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. தாசில்தார் ரொம்ப சிரத்தையாக வேறு பக்கம் பார்த்தார். நான் மகஜரில் 'பன்னிரண்டு முப்பது மணி: காரியஸ்தர் நாற்று நட்டார்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதப் பேனா ஒத்துழைக்கவில்லை.

நாலு வரிசை நட்டார். ஐந்தாவது வரிசையில் குனிந்தவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்து, உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"தண்ணி..." என்றார்.

சுற்றிலும் தண்ணீர்தான், எல்லாம் உப்பு. தாசில்தார் கொண்டுவந்த கூஜா தள்ளும்போது கவிழ்ந்து போயிருந்தது. காரியஸ்தர் தண்ணீரே கொண்டுவரவில்லை. போகிற இடத்தில் யாராவது இளநீர் வெட்டித் தருவார்கள் என்று பழகியவர். முருகையன் கலத்தில் வைத்திருந்ததை நாங்கள் காலையிலேயே குடித்துத் தீர்த்திருந்தோம். அஞ்சம்மாளின் பானை மட்டும்தான் இருந்தது.

எல்லோருக்கும் அது தெரியும். காரியஸ்தருக்கும் தெரியும். அஞ்சம்மாள் தெருவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர் அவர். கொஞ்ச நேரம் பானையையே பார்த்தார். பிறகு மெதுவாக, செம்பைத் தொடாமல் மேலேயிருந்து ஊற்றட்டும் என்று, இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்து நீட்டினார்.

அஞ்சம்மாள் ஊற்றவில்லை. செம்பை முக்கி எடுத்து அந்தக் கைகளின் மேல் வைத்தார்.

"செம்புலயே குடிங்க. கையேந்திக் குடிச்சா பாதி தரையில போயிடும். எங்களுக்குத் தெரியும்."

குடித்தார். இரண்டு செம்பு குடித்தார். பின்னால் அலையாத்திக் காட்டில் காற்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

மகஜர்

மூன்றரைக்குத் தண்ணீர் திரும்பி வந்தது. அது ஓடி வரவில்லை, அலையாக வரவில்லை. நண்டு வளைகளில் முதலில் ஊறியது. பிறகு கால் தடங்களில் நிறைந்தது. பிறகு பார்த்தால் திட்டின் ஓரம் காணவில்லை. நாலு மணிக்குக் காரியஸ்தர் நட்ட நாலு வரிசையும் தலையை மட்டும் காட்டின. நாலரைக்கு அவையும் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து, மேற்குக் காற்றில் வரிசையாக மிதந்து போயின. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தான் நட்டதல்லவா!

தண்ணீர் நிற்கும்போதே மகஜரை முடித்துவிட வேண்டும் என்றார் தாசில்தார். அவர் இழந்த அடுக்குமொழி தண்ணீரோடு திரும்பி வந்துவிட்டது. கணுக்கால் தண்ணீரில் நின்று தொடங்கினார்:

"கழனி என்று கூறப்பட்ட களம், காலையில் கடலாகவும், கடும்பகலில் கரையாகவும், கதிரவன் சாயும்போது மீண்டும் கடலாகவும் காட்சியளித்ததைக் கண்ணாரக் கண்டோம்..."

எழுதினேன். தண்ணீர் அவர் முட்டியைத் தொட்டது.

"நட்ட நாற்று நிற்கவில்லை. நிலைக்கவில்லை."

ஒரு நண்டு அவர் பேன்ட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது.

"நிலம் இல்லை. நீர் உண்டு. அவ்வளவுதான். ஏறுங்க எல்லாரும்!"

என் முப்பது வருஷத்தில் அரசாங்கத் தாள் ஒன்றில் நான் எழுதிய ஆகச் சுருக்கமான, ஆகத் தெளிவான முடிவு அதுதான்.

கையெழுத்து வாங்க வேண்டும். அஞ்சம்மாள் எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு பேரை எழுதினார். முருகையன் ரேகை வைத்தார். அட்டையைக் காரியஸ்தரிடம் நீட்டினேன். போட மாட்டார் என்றுதான் நினைத்தேன். தொடை வரை நனைந்த வேட்டியோடு அவர் தாளை முழுக்கப் படித்தார். தான் நாற்று நட்டதாக நான் எழுதியிருந்த இடத்தில் சற்று நின்றார்.

"நாலு வரிசைன்னு போடுங்க" என்றார். போட்டேன். கையெழுத்துப் போட்டார்.

வத்தை ஒரு ஆட்டம் ஆடி மிதந்தது. காற்று எதிராக இருந்ததால் முருகையன் கழியூன்றியே கொண்டுவந்து சேர்த்தார். துறையில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வரும் வழியில் காரியஸ்தர் ஒரு முறை, தன்னிடமே சொல்லிக்கொள்வது மாதிரி, "பண்ணையில ஒருத்தர்கூட வந்து பாத்ததில்ல. பத்திரத்துல இருக்குன்னாங்க" என்றார்.

பிறகு நடந்தது

மகஜர் மேலே போனது. நடுத்திட்டு தள்ளுபடி ஆனது. வேறு நிலம் கொடுக்கச் சொன்னார்கள். பண்ணை கோர்ட்டுக்குப் போனது. கோர்ட்டு என்றால் தெரியுமே, நாலைந்து குறுவை போய்விட்டது. கையெழுத்துப் போட்ட பாவத்துக்காகக் காரியஸ்தரைப் பண்ணையில் ஓரங்கட்டினார்கள். மன்னார்குடியில் மகன் வைத்திருந்த உரக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். என்னையும் அடுத்த மாதமே மாற்றினார்கள். அதுவும் மன்னார்குடிக்குத்தான். வேலை நிரந்தரம் ஆக ஒரு வருஷம் கூடுதலாக இழுத்தது. அம்மாவுக்கு அந்த வயலில் வேலை நின்றது உண்மை. அவள் அடுத்த ஊர் வயலுக்குப் போனாள். "இங்க கூலி கூட" என்றாள்.

கடைசியில் பண்ணை வாய்க்கால் ஓரத்தில் இருபத்தோரு ஏக்கர் கொடுத்தது. கேட்டதில் பாதிதான். இருபத்தெட்டுக் குடும்பமும் முக்கால் ஏக்கர் முக்கால் ஏக்கராகப் பிரித்துக்கொண்டன.

பட்டா கொடுக்கும் விழா ஒரு தை மாதத்தில் நடந்தது. பந்தல், தோரணம், ஒலிபெருக்கி, மந்திரி. பட்டாக்களை வரிசைப்படி அடுக்கிக் கொடுக்க என்னையும் அழைத்திருந்தார்கள். அஞ்சம்மாள் பேரைக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை மந்திரியே மைக்கில் கூப்பிட்டார். கூட்டத்தில் சலசலப்பு. "வாய்க்கா பக்கம் போனத பாத்தேன்" என்றாள் ஒரு பெண். மேலதிகாரி என்னைப் பார்த்து முறைத்தார். பட்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அறுவடை முடிந்த வயல்கள். நெல்லின் அடித்தாள் மட்டும் நின்றது. இருபத்தோரு ஏக்கரின் வடக்கு மூலையில், எண் போட்ட கல் நட்டிருந்த ஒரு துண்டுக்குள் அஞ்சம்மாள் நடந்துகொண்டிருந்தார். நீளவாக்கில் நடந்து, திரும்பி, அகலவாக்கில் நடந்து, நடுவில் வந்து காலால் ஓங்கி ஓங்கி மிதித்தார்.

"அங்க மந்திரி கூப்பிடுறாரு! நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று வரப்பிலிருந்து கத்தினேன்.

"கூப்புடட்டும் கிளார்க்கம்மா" என்றார் அவர் திரும்பாமல். "வாங்கறதுக்கு முன்னாடி, இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

இன்னொரு முறை மிதித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இருக்கு."